மே மாதம் திமிங்கலம் பார்க்க: மிரிஸ்ஸவா, திருகோணமலையா? அப்பாவைக் கூட்டிப் போகிறேன்

மணப்பாட்டு மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரம் இலங்கைக்குப் போகிறோம். நான், நாலாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகள், என் அப்பா, மூன்று பேர்தான். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். ஆறு நாள் கையில் இருக்கிறது. அதில் ஒரு நாளாவது படகில் போய்த் திமிங்கலம் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் இந்தப் பயணமே.

அப்பாவுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. 1973 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், அங்கே 147 திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. பெரியவர்களோடு சேர்ந்து ஒன்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றிக்கொண்டே இருந்தாராம். அது மூச்சு விடும்போது உச்சந்தலையில் இருக்கிற துளை திறந்து மூடுவதை, விரல்களைக் குவித்து விரித்து இன்றைக்கும் காட்டுவார். சாயங்காலத்துக்கு மேல் அது திறக்கவில்லை. 2016 ஜனவரியில் அதே கடற்கரையில் மறுபடியும் எண்பதுக்கு மேல் ஒதுங்கியபோது செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு இப்போது 68 வயது. இதுவரை அவர் பார்த்த திமிங்கலம் எல்லாம் சாகக் கிடந்தவை. நீந்துகிற ஒன்றை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

இங்கே பயண ஏற்பாடு செய்கிறவர் இலங்கையின் தென்கரையில் இருக்கிற மிரிஸ்ஸதான் பிரபலம், வருஷம் முழுக்கப் போகலாம் என்கிறார். திருகோணமலையில் இருந்த ஒரு தோழி மே மாதம் அங்கே போகாதே, எங்கள் ஊருக்கு வா என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? அப்பா இரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலி உண்டு. மகளுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையிலேயே வாந்தி வரும். இன்னொரு பயமும் இருக்கிறது. ஒரு வீடியோவில் ஏழெட்டுப் படகுகள் ஒரு திமிங்கலத்தைச் சுற்றிவளைத்துத் துரத்துவதைப் பார்த்தேன். அப்படித்தான் நடக்கும் என்றால் அப்பாவை நான் கூட்டிப் போகவே மாட்டேன். அவர் தாங்க மாட்டார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழும்புவாசி எழுதியது:

உங்கள் தோழி சொன்னது சரி. நான் மிரிஸ்ஸவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், மூன்றும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். அந்தப் பக்கக் கடலுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிடும். சில படகுகள் அப்போதும் ஆட்களை ஏற்றும், ஆனால் உங்கள் அப்பாவையும் குழந்தையையும் அந்த அலையில் ஏற்றாதீர்கள். வடமேற்குக் கரையில் இருக்கிற கற்பிட்டியும் அதே கதைதான்: டொல்பின் கூட்டம் நூற்றுக்கணக்கில் வருகிற இடம், ஆனால் மே மாதம் கடல் கெட்டுவிடும்.

மிரிஸ்ஸவைப் பற்றி இதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு ஒரு டிசம்பரில் உதவும். அங்கே போவது இரண்டு தட்டுப் பெரிய படகு. காலை ஆறரைக்குக் கிளம்பும், கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள். இடது பக்கம் என்று யாராவது கத்தினால் ஐம்பது அறுபது பேரும் இடது பக்கம் ஓடுவார்கள், படகு சாயும். இலங்கையின் தென்கோடியான தெவிநுவர முனைக்குத் தெற்கே திமிங்கலம் மேய்கிற அதே தண்ணீரில்தான் உலகத்தின் பெரிய கப்பல் பாதைகளில் ஒன்றும் போகிறது. நான் பார்த்த முதல் நீலத் திமிங்கலத்துக்குப் பின்னால், அடிவானத்தில் வரிசையாக நாலு கொள்கலன் கப்பல்கள். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கப்பலின் மூக்கில் செத்த நீலத் திமிங்கலம் ஒன்று மடிந்து தொங்கியது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த பிறகுதான் எனக்கு இதிலெல்லாம் அக்கறை வந்தது. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற எல்லோரும் செய்தால் எவ்வளவோ உயிர் மிஞ்சும்.

இந்தக் கடலில் இவை இன்னும் இருப்பதே பெரிய விஷயம். 1960களில் சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் யாருக்கும் சொல்லாமல் ஆயிரத்துக்கு மேல் நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. 1979இல்தான் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தார்கள். அப்பா பிறந்த பிறகு நடந்தவைதான் இவையெல்லாம்.

திருகோணமலை பற்றி அந்த ஊர்க்காரர் யாராவது சொல்லட்டும்.

திருக்கடலூரான் எழுதியது:

தங்கச்சி, மே மாசம் எண்டால் யோசிக்காமல் திருகோணமலைக்கு வாங்கோ.

நான் திருக்கடலூர், திருகோணமலைக் கரையில இருக்கிற மீன்பிடி ஊர். அப்பா, பெரியப்பா எல்லாரும் கடல் தொழில். நானும் பதினேழு வயசில வள்ளத்தில ஏறினனான். சண்டைக் காலத்தில பாஸ் எடுத்து, நேவி சொல்லுற நேரத்துக்குள்ள போய் வந்தனாங்கள். சண்டை முடிஞ்சு சுற்றுலா ஆக்கள் வரத் தொடங்கின பிறகு ஏழு சீசன் டொல்பின், திமிங்கலம் காட்டுற போட் ஓட்டினன். இப்ப திரும்பவும் மீன்தான். ஏன் விட்டன் எண்டும் சொல்லுறன், ஏனெண்டால் உங்கட கடைசிக் கேள்விக்குப் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

முதல்ல உங்கட அப்பாவுக்கு ஒண்டு. அவர் தண்ணி ஊத்தினது பைலட் திமிங்கலம். பேர்தான் திமிங்கலம், உண்மையில அது ஓங்கில் சாதி, டொல்பின் எண்டு சொல்லுறம் எல்லோ, அது. தன்ட கூட்டத்தை விட்டுப் போகாத சீவன். ஒண்டு கரைக்கு வந்தால் மற்றதும் வரும், ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டாலும் திரும்பி வந்திடும். ஒரு பதினைஞ்சு வயசுப் பெடியன் எத்தினை குடம் ஊத்தினாலும் அதைக் காப்பாத்தியிருக்க ஏலாது. இதை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

இஞ்ச நீங்கள் பாக்க வாறது நீலத் திமிங்கலம். கூட்டமா வராது. தனிய, இல்லாட்டி ரெண்டு. எங்கட கடலில ஏன் நிக்குது எண்டால், மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவில விழுகிற இடத்துக்கு நேர, கடலுக்கு அடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கு. கரையில இருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல ஆழம். கோணேசர் கோயில் மலையில நிண்டு கீழ பாத்தால் தண்ணியின்ட நிறமே சொல்லும். மற்ற நாட்டு நீலத் திமிங்கலம் கன பேர் குளிர் கடலுக்குப் போய்ச் சாப்பிட்டு, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். இஞ்ச இருக்கிறது வருசம் முழுக்க இந்த வெப்பத் தண்ணியிலேயே இருந்து, இஞ்சயே சாப்பிடுது. ஆஷா டி வொஸ் எண்ட எங்கட நாட்டுப் பெண் ஆராய்ச்சியாளர் இதைப் பற்றித்தான் வேலை செய்யிறா. 2003இல ஆராய்ச்சிக் கப்பலில போகேக்க திமிங்கலத்தின்ட சிவப்புக் கழிவு தண்ணியில மிதக்கிறதைக் கண்டுதான் அவவுக்கு இந்த யோசினையே வந்தது. இஞ்ச சாப்பிடாமல் இஞ்ச கழிக்குமா? நாங்களும் கண்டிருக்கிறம். செங்கல்லைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கும். அப்பா அதைக் கண்டால் "கணவாய் மை கலங்கின மாதிரி"ண்டு சொல்லுவார், எங்களுக்கு அப்ப என்ன தெரியும்.

அம்மா சொல்லுவா, சின்ன வயசில கோயிலில கும்பிட்டுப்போட்டு மலையில நிக்கேக்க கடலில வெள்ளைப் புகை எழும்புறதைப் பாக்கிறது எண்டு. 80களின்ட தொடக்கத்தில துலிப் எண்ட சின்னப் பாய்க்கப்பலில வெளிநாட்டு ஆராய்ச்சி ஆக்கள் வந்து இந்தக் கடலில திமிங்கலத்தைப் பின்தொடர்ந்தவை. பிறகு சண்டை. கிட்டத்தட்ட இருபத்தைஞ்சு வருசம் திமிங்கலத்தைப் பாக்க எண்டு ஒருத்தரும் போகேல்ல.

மே மாசம் கச்சான் காத்து, அதுதான் தென்மேற்குக் காத்து. தரைப் பக்கம் இருந்து வீசுறதால கரையோரக் கடல் படுத்துக் கிடக்கும். ஆனா வெயில் ஏற ஏறக் காத்தும் எழும்பும். அதனால விடிய அஞ்சரை, ஆறுக்குள்ள கடலில நிக்கவேணும், பத்து மணிக்குக் கரையில நிக்கவேணும். ஒன்பது மணிக்குப் போகலாம் எண்டு சொல்லுற ஆளோட போகாதேங்கோ.

எங்கட போட் பைபர் போட், மிரிஸ்ஸ மாதிரிப் பெரிசு இல்லை. ஆறேழு பேர் இருக்கலாம். அப்பாவை நடுவுக்குப் பின்னால இருத்துங்கோ. முன்னுக்கு இருந்தால் அலையில தூக்கி அடிக்கும், முதுகு போயிடும். ஏறுறது கரையில முழங்கால் தண்ணியில நிண்டு. அவருக்கு முழங்கால் வலி எண்டால் முதல் நாளே சொல்லி வையுங்கோ, ரெண்டு பேர் பிடிச்சு ஏத்துவாங்கள், அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை. கூரை உள்ள போட்டா எண்டு கேளுங்கோ. லைஃப் ஜாக்கெட் பிள்ளையின்ட அளவில இருக்கா எண்டு கையில வாங்கிப் பாருங்கோ, "இருக்கு" எண்டு சொன்னால் காணாது.

இப்ப துரத்துற கதை.

நீலத் திமிங்கலம் ஆழத்தில இருந்து வந்தால் உடன திரும்பப் போகாது. மேல நிண்டு அஞ்சு, ஆறு, சிலவேளை அதுக்கு மேலயும் மூச்சு எடுக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் நேரா ஒரு தூண் மாதிரித் தண்ணிப் புகை எழும்பும், மூண்டு பனை உயரம் எண்டு சனம் சொல்லும், அவ்வளவு இல்லை, ஒரு பத்து மீட்டர் வரும். கடைசி மூச்சு எடுத்து, முதுகை வளைச்சு, வாலைத் தூக்கிக்கொண்டு கீழ போனால் பத்துப் பன்னிரண்டு நிமிசத்துக்கு வராது. வால் போன இடத்தில தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி வழுவழுப்பா, வட்டமா நிக்கும். சுத்திவரச் சின்ன அலை இருக்கும், அந்த வட்டத்துக்குள்ள இருக்காது.

நான் ஓட்டின நாலாவது சீசன். ஒரு தாயும் குட்டியும். எங்களோட சேர்த்து ஆறு போட். என்ட போட்டில இருந்தவை கிட்டப் போ, கிட்டப் போ எண்டு கத்தினவை. முதலாளியும் கரையில வைச்சே சொல்லிவிட்டவர், ஆக்கள் சந்தோசமா வராட்டி எனக்குச் சம்பளம் இல்லை எண்டு. நான் முன்னுக்கு வெட்டினன். அந்தப் பக்கத்தால இன்னொரு போட் வெட்டினது. தாய் ரெண்டே ரெண்டு மூச்சுத்தான் எடுத்தது. மூண்டாவது இல்லை, வாலும் தூக்கேல்ல, அப்படியே அமிழ்ந்தது. குட்டி மேல தனிய நிண்டு ஒருக்காச் சுத்தினது, பிறகு அதுவும் கீழ போயிட்டுது. என்ட போட்டில இருந்தவை கை தட்டினவை. எனக்கு அண்டு சாப்பாடு இறங்கேல்ல. நாங்கள் தண்ணிக்குள்ள மூழ்கி வேலை செய்யிற ஆக்கள், அரை மூச்சோட திரும்பக் கீழ போறது எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

அதுக்குப் பிறகு மூண்டு சீசன் எட்ட நிண்டுதான் காட்டினன். காசு குறைஞ்சது. கடைசியா முதலாளியோட கொளுவிப்போட்டு வந்திட்டன்.

சட்டம் இருக்கு. 2012இல வந்த ஒழுங்குவிதிப்படி திமிங்கலத்துக்குக் கிட்ட நூறு மீட்டருக்குள்ள போட் போகக்கூடாது, அனுமதி இல்லாமல் தண்ணியில இறங்கி நீந்தவும் கூடாது. வனஜீவராசிகள் திணைக்களம் பாக்கவேணும். ஆனா நடுக்கடலில ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு ஆளை நிறுத்த ஏலாது. அங்க போட்டுக்காரனை ஆட்டுவிக்கிறது போட்டில இருக்கிற ஆக்கள்தான். ஒரு குடும்பம் கத்தினால் அவன் துரத்துவான், அவனுக்கு நாளைக்கும் ஆள் வரவேணும்.

அதனால நீங்கள் செய்யவேண்டியது ஒண்டே ஒண்டு. முதல் நாள் பின்னேரம் கரைக்குப் போய், ஆளை நேர கண்டு கதையுங்கோ. தமிழ்தான், உங்களுக்கு என்ன கஷ்டம். "தம்பி, நீ கிட்டப் போகாட்டிலும் எனக்குப் பரவாயில்லை, ஒண்டையும் காணாட்டிலும் பேசின காசு முழுக்கத் தருவன், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் காத்திருக்க வேணும்" எண்டு சொல்லிப் பாருங்கோ. அவன்ட முகத்தைப் பாருங்கோ. சந்தோசப்படுற ஆள் எண்டால் அவனோட போங்கோ. "கட்டாயம் காட்டுவன், நீந்தவும் விடுவன்" எண்டு சொல்லுறவனை விட்டிட்டு அடுத்த ஆளிட்டப் போங்கோ.

ரெண்டு காலை ஒதுக்கி வையுங்கோ. ஒரு காலையில கிடைக்காமல் போறது சாதாரணம்.

மருந்துக்கடை நெல்லை எழுதியது:

திருக்கடலூரான் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு நான் சொல்வது சின்ன விஷயம்தான், ஆனாலும் தேவைப்படும். வாந்திக்கு நம் ஊரில் எல்லோரும் கேட்டு வாங்குவது அவோமின். அதை உங்கள் அப்பாவுக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். புராஸ்டேட் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரை சிறுநீரை அடைத்துவிடக்கூடும். கண்ணில் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. நடுக்கடலில் மூன்று மணி நேரம் அந்த அவஸ்தை வேண்டாம். அவருக்கு மருந்து எழுதித் தருகிற டாக்டரிடம், கடலில் போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். மகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, அதையும் குழந்தை டாக்டர் சொல்லட்டும். எதுவானாலும் படகு ஏறுவதற்கு முன்னால் போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும் என்பதால் ஒரு தடவை ஊரிலேயே, கார் பயணம் எதற்காவது கொடுத்துப் பாருங்கள்.

வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். குழந்தை போனைக் குனிந்து பார்த்தால் வாந்தி நிச்சயம். தூரத்தில் கரையோ அடிவானமோ ஏதாவது ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

மணப்பாட்டு மகள் எழுதியது:

திருக்கடலூரான் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பைலட் திமிங்கலம் பற்றிய இடம் வந்ததும், இன்னொரு தடவை படி என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அந்தத் தம்பி ஊருக்கே போவோம்" என்றார்.

மிரிஸ்ஸ ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். தூரத்தில் புகை எழும்பினால் அது நீலத் திமிங்கலமா வேறு எதுவா என்று எப்படித் தெரியும்? மகள் ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்கிறாள்.

திருக்கடலூரான் எழுதியது:

புகை நேரா, உயரமா எழும்பினால் நீலம். தாழ்வா, முன்னுக்கு இடது பக்கமாச் சரிஞ்சு போனால் அது எண்ணெய்த் திமிங்கலம். அதுக்கு மூக்குத் துவாரம் ஒண்டுதான், அதுவும் தலையின்ட இடது பக்க முனையில. அது கீழ போனால் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் வராது, காத்திருந்து பிரயோசனமில்லை. ஓங்கில் எண்டால் புகையைத் தேடத் தேவையில்லை, அதுவே உங்களைத் தேடி வரும். தண்ணிக்கு மேல எழும்பிப் பம்பரம் மாதிரிச் சுத்தி விழுகிற சாதிதான் இஞ்ச கூட.

நீலத்தின்ட முதுகுச் செட்டை, அதுதான் முதுகுத் துடுப்பு, சரியான சின்னன், வாலுக்குக் கிட்டத்தான் இருக்கும். முதுகு போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும், முடிஞ்சிட்டுது எண்டு நினைக்கேக்கதான் செட்டை வரும். பிள்ளைக்குச் சொல்லுங்கோ: அது மேல வாற நேரத்தை எழுதச் சொல்லி. அடுத்தது எப்ப வரும் எண்டு போட்டுக்காரனை விட அவளுக்கு நல்லாத் தெரியும்.

மணப்பாட்டு மகள் எழுதியது:

போய் வந்துவிட்டோம். உதவிய எல்லோருக்கும் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கரையில் சாயங்காலம் மூன்று படகுக்காரர்களிடம் பேசினோம். முதல் ஆள் நீந்தலாம் என்றார். இரண்டாவது ஆள் நான் சொல்வதைப் பாதியிலேயே நிறுத்தி, காசு முன்னாலேயே வேண்டும் என்றார். மூன்றாவது ஆளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "அக்கா, இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். அவரோடு போனோம்.

முதல் நாள் திமிங்கலம் இல்லை. ஓங்கில்கள் வந்தன, இருபது முப்பது இருக்கும். மகள் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்தையும் மீறி ஒரு தடவை வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எட்டிப் பார்த்தாள். அப்பா சிரித்தார், ஆனால் கண் எல்லாம் தூரத்திலேயே இருந்தது.

இரண்டாம் நாள் அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினோம். கோணேசர் மலை பின்னால் சின்னதாகிப் போன பிறகு தம்பி எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. படகின் பக்கத்தில் தண்ணீர் மோதுகிற சத்தமும் அப்பா மூச்சு விடுகிற சத்தமும்தான். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. எங்களைத் தாண்டி இரண்டு படகுகள் வடக்கே போயின, தம்பி அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

முதலில் கேட்டது சத்தம்தான். பெரிய லாரியின் ஏர் பிரேக்கைத் திறந்துவிட்ட மாதிரி. திரும்புவதற்குள் புகை பாதி கலைந்திருந்தது, நேராக நின்ற புகை. பிறகு முதுகு. திருக்கடலூரான் அண்ணா சொன்னது போலவே அது போய்க்கொண்டே இருந்தது. சாம்பலும் நீலமும் கலந்து, திட்டுத் திட்டாக, வெள்ளை அடித்து மழை பட்ட சுவர் மாதிரி இருந்தது தோல். தண்ணீருக்கு அடியில் இருந்த பாகம் மட்டும் பளிச்சென்ற பச்சை நீலம். தம்பி எஞ்சினைத் தொடவேயில்லை. அதுவாகத்தான் எங்கள் பக்கம் திரும்பி, எங்களுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் போனது.

அப்பா எண்ணினார். சத்தமாக எண்ணவில்லை, உதடு அசைந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய வலது கை மடியில் குவிந்து விரிந்தது. ஏழு. ஏழாவதற்குப் பிறகு வால் முழுசாக மேலே வந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒழுக, சத்தமில்லாமல் இறங்கியது. அந்த வழுவழுப்பான வட்டம் மெல்லக் கலைகிற வரைக்கும் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் மணப்பாட்டில் இருக்கிற சித்தப்பாவுக்குப் போன் போட்டார். எவ்வளவு பெரிசு, எங்கே என்றெல்லாம் சொல்லவில்லை. "ஏழு தடவ மூச்சு விட்டுச்சுடா, தாராளமா விட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

தம்பியின் நம்பரைக் கேட்டுத் தனியாக எழுதியவர்களுக்கு: அவர் அனுமதி இல்லாமல் தர முடியாது, கேட்டுச் சொல்கிறேன். பேசியதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தோம், வாங்க மறுத்து, அப்பா சட்டைப் பையில் வைத்த பிறகுதான் விட்டார். தொப்பி மட்டும் போதாது, முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள், என் கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

மகள் நோட்டில் எழுதியதை அப்படியே போடச் சொல்கிறாள். 7.12. 7.24. 7.37. நாலாவதாக ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறாள். இருபது நிமிடம் இருந்து பார்த்தோம், வரவில்லை, காற்று எழும்பத் தொடங்கியிருந்தது, திரும்பிவிட்டோம்.